மாத்திரை சாப்பிடறீங்களா?

எங்கள் சபையில் யாராவது எழுந்து, கர்த்தர் எனக்குச் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னால், பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்: "மாத்திரை சாப்பிடறீங்களா?" சாட்சி சொன்னவர் "சாப்பிடறனுங்க" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். நாங்களும் கூடவே சொல்வோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். சிலர் சிரித்தும் விடுவார்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

அப்படிக் கேட்கிறவள் பெயர் சாந்தி. ராசிபுரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூர்க்காரி. பட்டுத்தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் தொழில்.

போன மாதம், புதிதாக வந்திருக்கும் ஐயர் என் வீட்டுக்கு வந்தார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் சின்ன வயதுக்காரர், நல்லவர். வந்த மூன்றாம் வாரமே சபைப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மாற்றினார். இப்போது ஞாயிறு ஆராதனையைச் செல்போனில் பிடித்து நேரலையாக அனுப்புகிறார். துபாயில் இருக்கிறவர்கள்கூடப் பார்க்கிறார்களாம். அதில் ஒரே ஒரு சங்கடம் இருக்கிறது என்றார். சாட்சி நேரத்தில் அந்த அம்மா கேட்கிற கேள்வி. பார்க்கிறவர்களுடைய விசுவாசம் அதனால் குலையும், நீங்கள்தானே அவரைச் சபைக்குக் கூட்டிவந்தவர், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டார். சபை மலருக்கு என் ஊழிய அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதித் தர வேண்டுமாம்.

அவர் கேட்ட இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லும் பைபிள் உமனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சபைக் கணக்கில் அந்தப் பெயர். ஊர்களில் என்னைப் பைபிளம்மா என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவிடுவேன், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெண்களுக்கான வேதப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். வசனங்களை மனப்பாடமாகச் சொல்லவும், ஜால்ரா தட்டிப் பாடவும், படங்களைத் துணிப்பலகையில் ஒட்டிக் கதை சொல்லவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த வீட்டு நாய் துரத்தினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதையும், வேலைக்கு வேண்டிய மற்றதையும் தெருவில்தான் படித்தேன்.

மிச்சத்தைத் தேவவரம் ஐயரிடம் படித்தேன். என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அவருக்குக் கீழே கழிந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், குள்ளமான மனிதர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து மாட்டும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் கோபம் பாதி போய்விடும்.

ஜெபக்கூட்டங்களில் பெண்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளை நான் அவரிடம் கொண்டுபோவேன். எல்லாம் வீட்டுக் கேள்விகள். மாமியார் வீட்டு மாரியம்மன் பண்டிகைக்கு மாவு இடித்துக் கொடுக்கலாமா, குடித்துவிட்டு வரும் புருஷனுக்குச் சோறு போடுவது பாவத்துக்குத் துணைபோவதா, இந்த மாதிரி. மாவு இடிக்கலாமா என்றதற்கு, "இடிச்சுக் குடுக்கச் சொல்லும்மா. ஆனா நல்லா நைசா இடிக்கச் சொல்லு. கிறிஸ்தவப் பொம்பளை இடிச்ச மாவு கரகரன்னு இருந்துச்சுன்னு பேச்சு வரக் கூடாது" என்றார். அவருடைய உபதேசம் பெரும்பாலும் இந்த அளவுதான். விசுவாசம் லாரி என்றால் ஞானம் பிரேக்கு, பிரேக் இல்லாத வண்டியை நாமக்கல்லில் எவனும் எடுக்க மாட்டான் என்று பிரசங்கத்தில் ஒருமுறை சொன்னார். டிரைவர் வீட்டுப் பெண்கள் அதை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நோயாளி வீட்டுக்குப் போகும்போது அவருக்கு ஒரு முறை உண்டு. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார். ஐயர் வண்டி வாசலில் நின்றால் சாவு வீடு என்று நினைத்துக்கொள்வார்கள் என்பார். உள்ளே போனதும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பார். நோயாளியின் கட்டிலில் உட்கார மாட்டார், காலடியில் தரையில் உட்காருவார். பிறகு, "மருந்து எங்க இருக்கு?" என்று கேட்பார். டப்பாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்ப்பார். எது காலையில், எது ராத்திரி, எது தீரப்போகிறது என்று நோயாளி வாயாலேயே சொல்லவைப்பார். அதற்கப்புறம்தான் ஜெபம். ஜெபிக்கும்போது அந்த மருந்தை உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ஜெபமும் நீளாது. படுத்திருப்பவருக்கு ஒதுங்கப் போக வேண்டியிருக்கும், நாம் கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்பார்.

சாட்சிக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். சுகமானதைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அவரைப் பார்க்க வேண்டும். மைக் கிடையாது, இருந்த இடத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவர் கொடுத்ததுதான் என்பார். அதனால் எங்கள் சபைச் சாட்சிகள் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். "கர்த்தர் எனக்குச் சொகம் குடுத்தாருங்க, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போட்டுக்கறனுங்க" என்று முடிப்பார்கள். பக்கத்துச் சபைக்காரர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு.

சாந்தியை நான் முதலில் பார்த்தபோது அவள் மகள் கீர்த்தனாவுக்கு வலிப்பு வர ஆரம்பித்திருந்தது. அப்போது அது சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தது. அப்பன் முருகேசன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா, ஒடிசா என்று போனால் வீடு திரும்ப மாதங்கள் ஆகும். அவர்கள் இந்துக் குடும்பம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாத கோயில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. நான் அந்தத் தெருவில் வேறொரு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பிள்ளை வாசலில் விழுந்து இழுத்துக்கொண்டிருந்தது. கையில் இரும்பைத் திணிக்க நாலு பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

தேவவரம் ஐயரிடம் சொன்னேன். அவர் வந்து, தண்ணீர் குடித்து, என்ன சமையல் என்று கேட்டு, பிறகு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போனார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வேளையும் தவறக் கூடாது, நல்லாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவே கூடாது என்று டாக்டரம்மா சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வலிப்பு குறைந்தது, பிறகு நின்றது. அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சாந்தி எங்கள் சபையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. முருகேசனும் தடுக்கவில்லை. புள்ள நல்லா இருந்தாப் போதும், எந்தச் சாமியோ கும்பிட்டுக்கட்டும் என்றானாம்.

கீர்த்தனா வளர்ந்தாள். ஞாயிறு பள்ளியில் பாட்டுக்கு அவள்தான் முன்னால் நிற்பாள். அம்மாமேல் உயிர். நூல் சுற்றும் ராட்டினத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பாள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்துப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மாத்திரையும் நடந்துகொண்டிருந்தது. வலிப்பு என்ற பேச்சே அந்த வீட்டில் மறந்துபோயிருந்தது.

அந்த வருஷம் சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து உபவாசக் கூட்டம் நடத்தினார். எங்கள் பக்கத்துப் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். சாந்தியும் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டத்தின் நடுவில், அற்புத சுகம் பெற்றவர்கள் மேடைக்கு வரலாம் என்று அழைத்தார்கள். வேனில் வந்த பெண்கள், நீ போ, உன் பிள்ளைக்கு நடந்ததைவிட வேறென்ன அற்புதம் என்று அவளைத் தள்ளிவிட்டார்கள். அவள் ஏறிப் போய், விழுந்து விழுந்து இழுத்த பிள்ளை இப்போது இப்படி நிற்கிறது என்று அழுதுகொண்டே சொன்னாள். அதுவரை சொன்னதெல்லாம் உண்மைதான். பிரசங்கியார் மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார்: "இப்ப மாத்திரை சாப்பிடறாங்களா?"

அவள் எதிரே அவ்வளவு ஜனம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டாள்.

மண்டபமே அதிர்ந்ததாம். கை தட்டினார்கள், ஸ்தோத்திரம் என்று கத்தினார்கள், மயங்கி விழுந்தவர்களும் உண்டாம். யாரோ பிடித்த வீடியோ அவள் வேனில் வீடு வந்து சேரும் முன்னே ஊருக்குள் செல்போன்களில் வந்துவிட்டது.

சாந்தி பொய் பேசிப் பழக்கமில்லாதவள். ஒரு கண்டு நூல் எடை கூடுதலாக வந்துவிட்டால் தறிக்காரர் வீட்டுக்கு நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் மேடையில் ஒரு பொய் சொல்லிவிட்டாள், அதுவும் கர்த்தருடைய பெயரால். அவளுக்கு அது தாங்கவில்லை. பொய் சொல்லத் தெரிந்த பெண்ணாக இருந்திருந்தால், சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்று மறுநாள் காலையில் பிள்ளைக்கு மாத்திரையைக் கொடுத்திருப்பாள். சாந்தி வேறு மாதிரி யோசித்தாள். மைக்கில் சொன்னதை உண்மையாக்கிவிட்டால் பொய் பொய்யாக இருக்காது என்று நினைத்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

எனக்கு இன்றைக்கும் அந்த மண்டபத்தை நினைத்தால் கோபம்தான் வருகிறது. வேறு பெரிய வார்த்தை எதையும் தேடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த வாரம் நான் போனபோது அலமாரியில் மருந்து டப்பா வைக்கிற இடம் காலியாக இருந்தது. கேட்டேன். அவள் முதலில் பேச்சை மாற்றினாள், பிறகு சொன்னாள். நான் கத்தினேன். அவள் அழுதாள், ஆனால் அசையவில்லை. நேராக பஸ் ஏறி ஐயரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

அன்றைக்கு அவர் தண்ணீர் கேட்கவில்லை. சமையல் என்ன என்றும் கேட்கவில்லை. போய் ராட்டினத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மைக்குல சொல்லீட்டனுங்கய்யா" என்றாள் சாந்தி. "அத்தன பேரு ஸ்தோத்திரம் சொன்னாங்க. இனி மாத்திரையக் குடுத்தா, கர்த்தரையே பொய்க்காரரா ஆக்கற மாதிரியில்லீங்களா?"

"நீ சொன்னது பொய்யின்னா அது உன் பொய்யும்மா. அவரு மேல ஒட்டாது" என்றார் ஐயர். "உன்னோடத அவரு பாத்துக்குவாரு. அவருக்கு உன் மானம் பெருசு இல்ல, உன் புள்ளதான் பெருசு. டப்பாவ எடு."

அவள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. ஐயர் ஒரு மாத்திரையைப் பிரித்துக் கீர்த்தனாவின் கையில் வைத்தார். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஐயர் ஜெபித்தார். சாந்தி முகத்தில் பாரம் இறங்கினது தெரிந்தது. அன்றிலிருந்து அவள் ஒரு வேளையும் தவறவிடவில்லை, காலையும் ராத்திரியும் தன் கையாலேயே மகள் கையில் எடுத்துக் கொடுத்தாள். இதை நான் கர்த்தருக்கு முன்பாகச் சொல்வேன்.

பிறகு ஒருநாள் கீர்த்தனா என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்து வந்தாள். வழியில் கேட்டாள்: "பைபிளம்மா, எங்கம்மா மைக்குல சொன்னது எப்பங்க நெசமாகும்?" பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்களாம். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்த பெரியப்பா வீட்டுப் பெண், மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, உங்கம்மா பொய்தானே சொன்னாங்க என்று சிரித்தாளாம். சாந்தி அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

"அத நெசமாக்கறது உன் வேலை இல்ல சாமி" என்றேன். "மாத்திரைய முழுங்கறதுதான் உன் வேலை." அவள் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது.

பரீட்சை லீவில் ஒருநாள் காலை, கீர்த்தனா தோட்டத்துத் தொட்டிக்குக் குளிக்கப் போனாள். முழங்காலளவு தண்ணீர்தான் இருக்கும். சாந்தி வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதே, இந்தப் பிள்ளை நிறுத்தாமல் என்ன செய்கிறது என்று நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சுற்றினாளாம். பிறகு எழுந்து போனாள். பிள்ளை தொட்டியில் குப்புறக் கிடந்தது.

முருகேசன் ஒடிசாவிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருந்தார்கள். அவன் வீட்டார் எங்களை வாசலுக்குள் விடவில்லை. அதில் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தேவவரம் ஐயர் சாலையின் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் நின்றார். காலையிலிருந்து நின்றார். உட்காரச் சொல்லி யாரோ நாற்காலி கொடுத்தார்கள், வேண்டாமென்றுவிட்டார். எடுத்துப் போகிற நேரத்தில் முருகேசன் கூட்டத்தை விட்டு விலகி, சாலையைத் தாண்டி எங்களிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நான் நினைத்தேன். அவன் ஐயரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டான்.

"ஏனுங்க, மாத்திரை தின்னாத் தப்புன்னு உங்க வேதத்துல எழுதியிருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றார் ஐயர்.

"அப்பறம் எம்பட புள்ளைக்கு அத ஆருங்க சொன்னது?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் அவர் கால் வைத்ததில்லை. அந்தப் பிரசங்கியாரை அவருக்குத் தெரியாது. மாத்திரையைத் திரும்பக் கொடுக்கவைத்ததே அவர்தான். இதையெல்லாம் அவர் சொல்லியிருக்கலாம், சொல்லுவார் என்றுதான் நான் பார்த்தேன். "நாங்கதானுங்க" என்றார். முருகேசன் திரும்பிப் போனான்.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சாந்தி தினமும் மாத்திரை கொடுத்துவந்தது எனக்குத் தெரியும். பிறகும் எப்படி வலிப்பு வந்தது என்று நானும் குழம்பித்தான் போயிருந்தேன். காரியம் முடிந்து நான் போனபோது சாந்தி பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள், எடுத்துப் போவதற்கு முன்னே அது முருகேசன் கண்ணில் பட்டிருக்கிறது. உள்ளே மாத்திரைகள். நாக்கில் நனைந்து காய்ந்த மாத்திரைகள். சிலது பாதி கரைந்திருந்தது, சிலதில் கவராயத்தின் துரு ஒட்டியிருந்தது. அம்மா கொடுக்கும்போது வாயில் போட்டு, நாக்கடியில் ஒதுக்கி, அந்தப் பக்கம் போய் எடுத்து வைத்திருக்கிறாள். அம்மா பொய் சொன்னவளாக ஆகக் கூடாது என்று அந்தப் பிள்ளை தானே அதை உண்மையாக்கப் பார்த்திருக்கிறது.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ சாவு வீடுகளில் பேசியிருக்கிறேன், பாடியிருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் சாந்தியைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆறுதல் சொல்லப் போனவள்தான் அதிகமாக அழுதேன்.

சாந்தி சபைக்கு வருவதை நிறுத்தினாள். வா என்று சொல்லாதே என்று ஐயர் எனக்குக் கட்டளை போட்டிருந்தார். வாரம் ஒருமுறை போவேன், அவள் நூல் சுற்றுவாள், நான் சிக்கு எடுத்துக் கொடுப்பேன், திரும்பிவிடுவேன். ஐயரும் வருவார். தண்ணீர் கேட்பார், என்ன சமையல் என்று கேட்பார். அவள் சமைக்காமல் விட்ட நாட்கள் இருந்தன. அதனால்தான் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுக்காக ஜெபிக்கிறேன் என்று அவர் அந்த வீட்டில் ஒருநாளும் கண்ணை மூடவில்லை. வெளியே வந்து, வண்டியை நிறுத்தின இடத்தில் நின்று ஜெபித்துவிட்டுக் கிளம்புவார்.

அறுப்பின் பண்டிகை கழிந்து ஒரு ஞாயிறு சாந்தி வந்தாள். முருகேசன்தான் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே நின்றான். சாட்சி நேரம் வந்தது. அவள் எழுந்தாள். ஐயரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவரும் தடுக்கவில்லை.

"எம் பொண்ணு சொகமாகியிருக்கலீங்க" என்றாள். "மாத்திரையிலதான் நல்லா இருந்தா. சேலத்துல மைக்குல கேட்டப்ப நான் இல்லீங்கன்னு சொன்னேன். அது பொய்யிங்க. அவ அத நெசமாக்கறன்னு போயிட்டா. இதாங்க எஞ்சாட்சி."

உட்கார்ந்தாள். சாட்சி முடிந்தால் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். எவர் வாயும் திறக்கவில்லை. வேனில் கூடப் போன பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தேவவரம் ஐயர் பீடத்திலிருந்து இறங்கிவந்து, ஆண்கள் யாரும் உட்காராத பெண்கள் பாயில், அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதார். அங்கியோடு உட்கார்ந்து அழுதார். ஆராதனை அப்படியே முடிந்தது. அன்றைக்குப் பிரசங்கம் இல்லை, காணிக்கைகூட எடுக்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறுகளில் ஒன்றில்தான், யாரோ முழங்கால் வலி போய்விட்டதாகச் சாட்சி சொன்னபோது, சாந்தி உட்கார்ந்தபடியே அந்தக் கேள்வியைக் கேட்டாள். மேடையில் தன்னிடம் கேட்ட அதே கேள்வி. நான் ஐயரைப் பார்த்தேன். அவர் சாட்சி சொன்னவரைப் பார்த்து, "கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுங்க" என்றார். அப்படித்தான் அது எங்கள் சபையின் வழக்கமானது. ஐயர் ஓய்வு பெற்று ஆத்தூருக்குப் போனார், அங்கேயே காலமானார். எனக்கும் சால்வை போர்த்தி, ஏற்கெனவே வீட்டில் இரண்டு இருக்க இன்னொரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். சாந்தி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புதிய ஐயர் சொன்னதைச் சொல்ல நான் அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லக் கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் வேறு யாராவது முரட்டுத்தனமாகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"செரிங்க, இனிக் கேக்கலீங்க. ஆனா அவுங்க மருந்து சாப்பிடறாங்களான்னு நீங்க தனியாக் கேட்டு எனக்குச் சொல்லீருங்க பைபிளம்மா. அது தெரியாம எனக்குத் தூக்கம் வரமாட்டீங்குது."

போன ஞாயிறு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் செல்போனை மூன்று கால் கம்பியில் நிறுத்தியிருந்தார்கள். புதிய ஐயர் அழைத்ததும், இடுப்பில் தன் பையனோடு ஒரு இளம் தாய் முன்னே போனாள். கைக்குழந்தையிலிருந்து அவனுக்கு மூச்சிரைப்பு இருந்ததாகவும், கர்த்தர் முழுச் சுகம் கொடுத்துவிட்டதாகவும் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். பையன் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முடித்ததும் கை தட்டினார்கள். கை தட்டுவது இப்போது வந்த பழக்கம்.

சாந்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

நான் எழுந்தேன். முழங்கால் வலியோடு தரையில் கை ஊன்றித்தான் எழுந்தேன். "புள்ளைக்கு மருந்து குடுக்கறயா கண்ணு?" என்று கேட்டேன். என் குரலும் துபாய்வரை போயிருக்கும். போகட்டும்.

அந்தப் பெண் செல்போனைப் பார்த்தாள். ஐயரைப் பார்த்தாள். சபை முழுக்க அவள் வாயையே பார்த்தது. அவள் பையனை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்கறனுங்க" என்றாள். "காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா."

"ஸ்தோத்திரம்" என்றாள் சாந்தி.